படிகப் பரப்பின் படிகள் ஒன்றையொன்று ஏன் தள்ளுகின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகலை இயற்பியல் படிப்பவர்களும், வேஃபர் (படிகத்திலிருந்து சீவிய மெல்லிய வட்டத் தகடு), மென்படலம் பக்கம் ஆய்வுக்குப் போனவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சமன்பாடுகளை முடிந்தவரை சொற்களிலேயே சொல்லியிருக்கிறேன். கல்லூரி இயற்பியலில் தகைவு, திரிபு, யங் குணகம் வரை படித்திருந்தால் போதும்.

படிகத்தின் மேல் ‘படி’ என்பது எது?

ஒரு சிலிக்கான் படிகத்தை அதன் அணு அடுக்குகளுக்கு இணையாக வெட்டினால் பரப்பு மட்டமாக இருக்கும். ஒரு பாகை சாய்த்து வெட்டினால்? அணுக்கள் சாய்வாக அடுக்கிக்கொள்ள முடியாது. கொஞ்ச தூரம் மட்டமான மேடை, அப்புறம் ஓர் அணு அடுக்கு உயரத்துக்கு இறக்கம், மறுபடியும் மேடை என்றுதான் அந்தச் சாய்வு அமையும். அந்த இறக்கம்தான் படி.

சிலிக்கான் (111) பரப்பில் படியின் உயரம் 0.314 நானோமீட்டர். (அடைப்புக்குறி எண்கள் படிகத்தை எந்தத் தளத்தில் வெட்டினோம் என்பதைச் சொல்பவை.) ஒரு பாகைச் சாய்வென்றால் படிக்குப் படி இடைவெளி ஏறக்குறைய 18 நானோமீட்டர், 0.1 பாகை என்றால் 180. படியோரம் ஒரே நேர்கோடாகவும் இருப்பதில்லை, ஆங்காங்கே பல் விட்டிருக்கும். படிகம் வளரும்போது புதிதாக வரும் அணு மேடையில் அலைந்துவிட்டுக் கடைசியில் இந்தப் பற்களில்தான் போய் ஒட்டும். கோசல் 1927இலும் ஸ்டிரான்ஸ்கி 1928இலும் இந்தச் சித்திரத்தைத் தந்துவிட்டார்கள். அதைக் கண்ணால் பார்க்கத்தான் பல பத்தாண்டுகள் ஆயின.

சாய்க்காமல் சரியாக வெட்டிவிட்டால் படியே இருக்காதா?

இருக்கும். துல்லியமாகச் சுழியம் பாகைக்கு வெட்ட யாராலும் முடியாது. தவிர, படிகத்துக்குள்ளிருந்து ஒரு திருகு இடப்பெயர்ச்சி (அணு அடுக்குகள் சுழல் படிக்கட்டு போலப் பிசகிச் சுற்றும் குறைக்கோடு) பரப்பில் வந்து முடிந்தால் அங்கிருந்து ஒரு படி கட்டாயம் புறப்பட்டாக வேண்டும். இதை 1949இல் ஃபிராங்க் சுட்டிக்காட்டினார்.

இரண்டு படிகளுக்கு நடுவே வெறும் மேடைதான் இருக்கிறது. ஒன்று இருப்பது மற்றொன்றுக்கு எப்படித் தெரிகிறது?

அடியில் இருக்கும் படிகத்தின் வழியாகத் தெரிகிறது.

படியோரத்து அணுவுக்குப் பக்கத்து அணுக்கள் குறைவு. அதனால் அது தன் வழக்கமான இடத்திலிருந்து சற்று நகர்ந்து உட்காரும். அப்படி நகரும்போது கீழேயும் பின்னாலும் இருக்கும் அணுக்களை இழுக்கும். அவை அடுத்தவற்றை இழுக்கும். இந்தத் திரிபு பரப்போடு நிற்பதில்லை. பக்கவாட்டில் எவ்வளவு தூரம் பரவுகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு ஆழத்துக்கும் இறங்குகிறது. இப்போது 20 நானோமீட்டர் தள்ளி இன்னொரு படி இருக்கிறது என்று வையுங்கள். அதுவும் தன் சுற்றத்தை இழுக்கப் பார்க்கிறது, ஆனால் அந்த இடம் ஏற்கெனவே முதல் படியால் கொஞ்சம் திரிந்து கிடக்கிறது. அதனால் இரண்டாவது படிக்கு ஆகும் ஆற்றல் செலவு கூடலாம், குறையலாம். தனியாக இருந்தால் ஆகும் செலவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் இரண்டு படிகளுக்கு இடையிலான மீள்திறன் ஆற்றல்.

கூடுமா, குறையுமா என்பதைத் தீர்மானிப்பதில் முக்கியமான கேள்வி இது: படி படிகத்தின் மேல் ஒரு நிகர விசையைச் செலுத்துகிறதா, அல்லது சமமும் எதிருமான விசைகளின் சோடியை மட்டும் செலுத்துகிறதா? இனி வரும் பதில்கள் எல்லாமே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகும். முதல் வகையைத் தனிவிசை என்றும் இரண்டாவதை விசை இருமுனை என்றும் சொல்கிறேன்.

சாதாரணப் படி எந்த வகை?

இருமுனை. காரணம் எளிது. எல்லாப் படிகப் பரப்பிலும் பரப்புத் தகைவு என்று ஒன்று, அதாவது பரப்பு தன் தளத்துக்குள்ளேயே இழுக்கும் விசை, உண்டு. அளவில் அது மீட்டருக்கு 1 நியூட்டன் என்ற வரிசையில் வரும். மேல் மேடை படியை ஒரு பக்கம் இழுக்கிறது, கீழ் மேடை அதே வலுவோடு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஒரே வகை மேடை என்பதால் நிகர விசை சுழியம். ஆனால் அந்த இரண்டு இழுப்பும் ஒரே மட்டத்தில் இல்லையே! நடுவில் ஒரு படி உயரம் இருக்கிறது. ஆகவே பரப்புத் தகைவைப் படி உயரத்தால் பெருக்கினால் வரும் திருப்பு விசை மிஞ்சுகிறது. அதோடு ஓரத்து அணுக்கள் நெருங்கி உட்காரப் பார்ப்பதால் பக்கவாட்டிலும் ஓர் இழுவிசைச் சோடி சேர்கிறது.

1980இல் மார்ச்சென்கோவும் பார்ஷினும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். ஒரே திசையில் இறங்கும் இரு இணைப் படிகள் ஒன்றையொன்று தள்ளும் என்றும், ஓரலகு நீளத்துக்கான ஆற்றல் இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்றும் வந்தது. இடைவெளி பாதியானால் ஆற்றல் நான்கு மடங்கு. இருமுனை வலுவின் இருமடிக்கு நேர்விகிதம். யங் குணகத்துக்கு எதிர்விகிதம். கடினமான படிகத்தில்தான் தள்ளல் வலுவாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, இருமுனை ஒன்றேயானால் மெத்தென்ற படிகத்தில்தான் தள்ளல் அதிகம். வளையாத படிகத்தில் செய்தி போய்ச் சேராது.

அந்த ‘இருமடி’ எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழியாகப் பார்க்கலாம். முதல் வழி: பரப்பில் ஒரு கோடு நெடுகச் செலுத்தும் தனிவிசை உண்டாக்கும் இடப்பெயர்ச்சி தூரத்தின் மடக்கையாக மாறுகிறது. எனவே தனிவிசைக்கும் தனிவிசைக்கும் இடையிலான ஆற்றலும் மடக்கைதான். இருமுனை என்பது மிக அருகருகே இருக்கும் இரு எதிர் விசைகள். ஆகவே ஒவ்வோர் இருமுனைக்கும் ஒரு முறை வகையிட வேண்டும். மடக்கையை இருமுறை வகையிட்டால் வருவது 1/தூரம்².

இரண்டாவது வழி: பரப்பில் ஒட்டிய இரண்டு ஒற்றை அணுக்களுக்கு இடையே மீள்திறன் ஆற்றல் 1/தூரம்³ என்று குறைவதை 1977இல் லாவும் கோனும் காட்டினார்கள். படியை அப்படிப்பட்ட புள்ளிகளின் வரிசை என்று எடுத்துக்கொண்டு கோட்டின் நீளம் முழுக்கக் கூட்டினால் அடுக்கு எண் ஒன்று குறைந்து 1/தூரம்² ஆகிவிடும்.

அண்டைப் படியை மட்டும் கணக்கில் எடுத்தால் போதுமா என்றும் கேட்பார்கள். சம இடைவெளியில் முடிவில்லாத வரிசை என்றால் 1 + 1/4 + 1/9 + … என்று கூட்டவேண்டும். அது ஏறக்குறைய 1.64 வரும். தூரத்துப் படிகளை விட்டுவிட்டால் ஐந்தில் இரண்டு பங்கு கைவிட்டுப் போகும்.

இந்தத் தள்ளல் எவ்வளவு பெரியது?

சிறியது. சிலிக்கான் (111)இல் பரப்புத் தகைவு மீட்டருக்கு 1 நியூட்டன் என்று வைத்து, திருப்பு விசையை மட்டும் எடுத்து, 10 நானோமீட்டர் இடைவெளிக்குத் தோராயமாகப் போட்டால் படி நீளத்தின் ஒரு நானோமீட்டருக்குச் சில பத்து மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட்தான் வருகிறது. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலே 25 மில்லி எலக்ட்ரான்வோல்ட். ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று ஒதுக்கிவிட முடியாது. படி ஆயிரக்கணக்கான நானோமீட்டர் நீளம் ஓடுகிறது, அத்தனை நீளத்துக்கும் இது சேர்ந்துகொண்டே போகும்.

ஒரே திசைப் படிகள் ஈர்ப்பதே கிடையாதா?

உண்டு, தனிவிசை வந்துவிட்டால். சிலிக்கான் மேல் ஜெர்மானியம் கலந்த படலத்தை வளர்ப்பதாக வையுங்கள். ஜெர்மானியத்தின் அணிக்கோவை இடைவெளி சிலிக்கானைவிட 4.2 விழுக்காடு பெரியது. சிலிக்கானோடு ஒட்டி வளர அது நசுங்கியாக வேண்டும், அதனால் படலம் முழுவதும் தகைவில் இருக்கிறது. படியில் அந்தப் படலத்தின் ஓர் அடுக்கு திடீரென்று முடிகிறது. முடியும் இடத்தில் தகைவைச் சமன் செய்ய எதிரே ஆள் இல்லை. ஆகவே ஒவ்வொரு படியிலும் ஒரு நிகர விசை, அதுவும் எல்லாப் படியிலும் ஒரே திசையில்.

ஒரே திசை விசைகள் மீள்தன்மையுள்ள ஊடகத்தில் ஒன்றையொன்று ஈர்க்கும். கயிற்றுக் கட்டிலில் இருவர் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் நடுப்பள்ளத்துக்குச் சரிந்து தோளோடு தோள் இடிப்பது இதே கணக்குதான். இந்த ஈர்ப்பு மடக்கை விதிப்படி மிக மெதுவாகக் குறைவதால், தொலைவில் இருமுனைத் தள்ளலை மிஞ்சிவிடும். மிக நெருங்கினால் தள்ளல் கை ஓங்கும். விளைவு: சீராக நின்ற படிகள் கொத்துக் கொத்தாகச் சேரும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொள்ளாது. தகைவுக்கு உள்ளான பரப்பின் இந்த நிலையின்மையை டெர்சாஃபும் கூட்டாளிகளும் 1995இல் விளக்கினார்கள்.

எதிரெதிர்த் திசைப் படிகள்? அதாவது ஒன்று ஏற்றம், ஒன்று இறக்கம்?

இருமுனை வகையில் இரண்டுமே நடக்கலாம். பக்கவாட்டு இழுவிசைச் சோடி இரண்டு படியிலும் ஒரே குறியோடு இருக்கும், திருப்பு விசையோ குறி மாறும். எது பெரியதோ அது சொல்வதுதான். ஒரே திசைப் படிகளைப் போல இங்கே பொதுவிதி சொல்ல முடியாது.

சிலிக்கான் (001) பற்றி எல்லாக் கட்டுரையிலும் பேசுகிறார்கள். அதில் என்ன விசேஷம்?

என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே அழகான கதை அதுதான்.

அந்தப் பரப்பில் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து சோடி கட்டிக்கொள்கின்றன. வைர வகைக் கட்டமைப்பு என்பதால் ஓர் அணு அடுக்கு இறங்கினால் சோடிகளின் திசை 90 பாகை திரும்பிவிடும். ஒற்றைப் படியின் உயரம் 0.136 நானோமீட்டர். ஆகவே அடுத்தடுத்த மேடைகள் ஒரே மாதிரி இல்லை; ஒரு மேடையில் சோடிகள் கிழக்கு மேற்காகப் பார்த்தால் அடுத்ததில் வடக்கு தெற்காகப் பார்க்கும். படிகளும் மாறி மாறி இரண்டு வகை: ஒன்று ஓரளவு நேராக ஓடும், அடுத்தது கந்தல் துணி விளிம்பு மாதிரி இருக்கும். 1987இல் சாடி வைத்த பெயர்களின்படி இவை எஸ்ஏ, எஸ்பி.

சோடியின் பிணைப்புத் திசையில் பரப்புத் தகைவு இழுவிசையாக வலுவாக இருக்கிறது, குறுக்கே அப்படி இல்லை. மேல் மேடையும் கீழ் மேடையும் படியைச் சம அளவில் இழுப்பதில்லை. ஆகவே வெளியிலிருந்து எந்தப் படலமும் வராமலே இங்கே தனிவிசை பிறக்கிறது. ஆனால் மேடை வகை மாறி மாறி வருவதால் விசையின் திசையும் படிக்குப் படி மாறுகிறது. எதிர்த்திசைத் தனிவிசைகள் ஒன்றையொன்று தள்ளும், அதனால் இரு வகை மேடைகளும் ஏறக்குறைய சம அகலத்தில் நிற்கப் பார்க்கும்.

1988இல் அலர்ஹாண்ட், வாண்டர்பில்ட், மீட், ஜோனோபவுலஸ் ஆகிய நால்வரும் இதிலிருந்து இன்னொரு முடிவுக்கு வந்தார்கள். படி உண்டாக்க ஒரு நிலையான செலவு உண்டு. ஆனால் படிகள் மாறி மாறி அமைந்தால் கிடைக்கும் மீள்திறன் லாபம் தூரத்தின் மடக்கையாக வளர்கிறது. மடக்கை மெதுவாக வளர்ந்தாலும் எல்லையில்லாமல் வளரும். எனவே போதுமான பெரிய பரப்பில் லாபம் செலவைத் தாண்டியே தீரும். அதாவது துளிச் சாய்வும் இல்லாத சிலிக்கான் (001)கூட, கோட்பாட்டின்படி, தானாகவே படிகளை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்! சாய்வு மிகக் குறைந்த பரப்புகளில் படிகள் நேராக ஓடாமல் அலை அலையாக நெளிவதை 1992இல் டிராம்பும் ராய்ட்டரும் தாழ் ஆற்றல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தார்கள். அந்த நெளிவும் இதே தகைவுக் கணக்கின் விளைவுதான்.

சோதனைக்கு இன்னொரு எளிய வழியும் உண்டு. வேஃபரை வளைத்துப் பாருங்கள். மென், பாக்கார்ட், வெப் மூவரும் 1988இல் அதைத்தான் செய்தார்கள். வளைத்துச் சூடுபடுத்தியதும் ஒரு வகை மேடை அகன்று மற்றது குறுகியது. எந்த வகையில் சோடியின் பிணைப்பு அமுக்கத் திசையில் இருக்கிறதோ அந்த வகை ஜெயிக்கும்.

சாய்வு கூடி 2 முதல் 4 பாகைக்குள் வரும்போது ஒற்றைப் படிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இரட்டைப் படியாகிவிடும். இரண்டு அடுக்கு இறங்கினால் சோடித் திசை பழையபடி ஆகிவிடுவதால் எல்லா மேடையும் ஒரே வகை. தனிவிசையும் அத்தோடு காணாமல் போகும், மிஞ்சுவது இருமுனை மட்டும்.

வெப்பமும் படிகளைத் தள்ளும் என்கிறார்களே?

ஆமாம். படிகள் ஒன்றையொன்று தாண்டிப் போக முடியாது. வெப்பத்தில் நெளிந்துகொண்டே இருக்கும் படிக்கு, பக்கத்துப் படி ஒரு சுவர். இடம் குறைந்தால் நெளியும் வழிகளும் குறையும், என்ட்ரோபி குறையும். ஆகவே தள்ளல். 1967இல் குரூபரும் மல்லின்ஸும் போட்ட கணக்கில் இதுவும் 1/தூரம்² என்றே வந்தது. படி ஓடும் திசையைக் காலம் என்று நினைத்துக்கொண்டால், தாண்ட முடியாத படிகள் ஒரு பரிமாணத்தில் நகரும் ஃபெர்மியான்கள் (ஒரே நிலையில் இரண்டு சேர்ந்து இருக்க முடியாத துகள்கள்) ஆகிவிடும். பிறகு குவாண்டம் இயங்கியலின் தயாரான விடைகள் கைக்கு வந்துவிடும்.

இரண்டு தள்ளலும் ஒரே விதி என்பதால் கூட்டிவிடலாம் என்று தோன்றும். கூட்டக்கூடாது. மீள்திறன் தள்ளல் படிகளை ஏற்கெனவே விலக்கி வைத்திருப்பதால் அவை மோதுவது குறைந்துவிடும், என்ட்ரோபிப் பங்கும் குறையும். சரியான சூத்திரத்தில் இரண்டும் ஒரு வர்க்கமூலத்துக்குள் கலந்து வருகின்றன.

ஆய்வகத்தில் எப்படி அளப்பது?

எஸ்டிஎம் (கூர்முனையைப் பரப்பின் மேல் நகர்த்தி அணு அளவில் படம் எடுக்கும்) நுண்ணோக்கியில் படம் எடுத்து, நூற்றுக்கணக்கான மேடைகளின் அகலத்தை அளந்து, எந்த அகலம் எத்தனை முறை வருகிறது என்று வரைபடம் போடுவதுதான் வழக்கமான வழி. ஒட்டும் உறவும் இல்லாமல் கண்டபடி நின்ற படிகள் என்றால் அது எளிய அடுக்குக்குறிச் சரிவாக வரும். தாண்ட முடியாது என்ற தடை மட்டும் இருந்தால் மிகக் குறுகிய மேடைகள் அரிதாகி, அவற்றின் எண்ணிக்கை அகலத்தின் இருமடியாகத் தொடங்கும். மீள்திறன் தள்ளலும் சேர்ந்தால் அந்த அடுக்கு 2ஐவிடக் கூடி, வரைபடம் சராசரியைச் சுற்றிக் குறுகும். இந்த வடிவத்துக்கு, அணுக்கருவின் ஆற்றல் நிலைகளுக்காக விக்னர் முன்வைத்த ஊகத்தைப் பொதுமைப்படுத்திப் பயன்படுத்தலாம் என்று 1999இல் ஐன்ஸ்டீனும் பியர்-லூயியும் எழுதினார்கள். (இது மேரிலாந்துப் பல்கலைக்கழகத்து ஐன்ஸ்டீன், அவர் அல்ல.)

ஓர் எச்சரிக்கை: படம் எடுத்த வெப்பநிலை வேறு, படிகள் உறைந்த வெப்பநிலை வேறு. குளிர்விக்கும்போது எங்கே நகர்வு நின்றதோ அந்த வெப்பநிலையைத்தான் கணக்கில் போட வேண்டும். இதைக் கவனிக்காத எண்ணை நான் நம்பமாட்டேன்.

படிகத்தின் வெளி வடிவத்தில் இது தெரியுமா?

தெரியும். சமநிலையில் உள்ள படிகத்தின் தட்டையான முகம் முடிந்து வளைவு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். படிகளுக்கிடையே 1/தூரம்² தள்ளல் என்றால் பரப்பாற்றலில் சாய்வின் மும்மடி உறுப்பு வரும், இருமடி வராது. அதன் விளைவாக வளைவு, முக விளிம்பிலிருந்து உள்ள தூரத்தின் 3/2 அடுக்காகக் கீழே இறங்கும். கிராஃபைட் மேல் வளர்த்த நுண்ணிய ஈயப் படிகங்களில் ஹெய்ரோவும் மெத்துவாவும் எடுத்த படங்களை ராட்மன், வோர்டிஸ் ஆகியோருடன் சேர்ந்து 1984இல் ஆராய்ந்தபோது 3/2க்கு நெருக்கமாகவே வந்தது. ஆனால் இந்த அடுக்கு எண்ணை வைத்து மீள்திறனா வெப்பமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் அதே விதிதானே.

பிரிக்க வேண்டுமென்றால் குளிருக்குப் போக வேண்டும். வெப்பத் தள்ளல் வெப்பநிலையின் இருமடியாகக் குறையும், மீள்திறன் தள்ளல் குறையாது. இதற்கு ஹீலியம்-4 படிகத்தைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. சுற்றியிருக்கும் மீப்பாய்மம் (உராய்வில்லாமல் பாயும் திரவ ஹீலியம்) வெப்பத்தையும் பொருளையும் நொடியில் கடத்துவதால் படிகம் உடனுக்குடன் சமநிலைக்கு வந்துவிடுகிறது. பாரிஸில் ரோலே, பாலிபார் குழுவினர் 1990களின் நடுவில் இந்தப் படிகங்களின் படித் தள்ளலை அளந்தார்கள். பார்ஷினே ஹீலியம் படிகத்தின் பரப்பு அலைகளை ஆராய்ந்தவர் என்பதால், கோட்பாடு பிறந்த வீட்டுக்கே சோதனை திரும்பி வந்த மாதிரி.

தொழிற்சாலையில் இதற்கெல்லாம் யார் கவலைப்படுகிறார்கள்?

நிறையப் பேர். சிலிக்கான் மேல் காலியம் ஆர்சனைடு வளர்ப்பவர்கள் வேஃபரைச் சில பாகை சாய்த்து வாங்குவது இரட்டைப் படிக்காகத்தான். ஒற்றைப் படியின் மேல் வளர்த்தால் காலியமும் ஆர்சனிக்கும் இடம் மாறிய பகுதிகள் உருவாகி, அவற்றின் எல்லைகள் சாதனத்தைக் கெடுக்கும். மின்கார்களின் இன்வெர்ட்டர் சுற்றுகளுக்குப் போகும் 4எச் (நான்கு அடுக்குக்கு ஒருமுறை வரிசை திரும்பும் வகை) சிலிக்கான் கார்பைடு வேஃபர்கள் இன்று வழக்கமாக 4 பாகை சாய்த்து வெட்டப்படுகின்றன. படியோரத்தில் அணு ஒட்டினால்தான் கீழுள்ள அடுக்கு வரிசை மாறாமல் மேலே தொடரும். இந்த முறையை மட்சுநாமி குழுவினர் 1987இல் கியோட்டோவில் காட்டினார்கள். அங்கே படிகள் கொத்தாகச் சேர்ந்தால் மேலே வரும் ஆக்ஸைடு படலம் சீராக அமையாது.

படிகள் கொத்தாகச் சேர்ந்திருந்தால் மீள்திறன் ஈர்ப்பு என்று எழுதிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். 1989இல் நோவசிபிர்ஸ்க்கில் லாட்டிஷேவ் குழுவினர் சிலிக்கான் (111)ஐ நேர் மின்னோட்டம் செலுத்திச் சூடாக்கினார்கள். மின்னோட்டம் ஒரு திசையில் போனால் படிகள் கொத்தாயின. திசையைத் திருப்பினால் கலைந்து சீராயின. எந்தத் திசையில் எது என்பது வெப்பநிலையைப் பொறுத்து மாறவும் செய்தது. மீள்திறனுக்கு மின்னோட்டத்தின் திசை தெரியாது. அங்கே வேலை செய்வது, மேடையில் அலையும் அணுக்களை மின்னோட்டம் ஒரு பக்கமாக நகர்த்துவது. சிலிக்கான் கார்பைடிலும் கொத்தாவதற்கு வளர்ச்சி வேகம், அடுக்குகளின் ஆற்றல் வேறுபாடு என்று வேறு காரணங்கள் உண்டு.

கொத்துக்குக் காரணம் எதுவானாலும், கொத்துக்குள் படிகள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை இருமுனைத் தள்ளல்தான் முடிவு செய்கிறது. அதனால் கொத்தின் குறுக்குவெட்டை அளந்தும் தள்ளலின் வலுவைக் கணிக்கலாம். ஆனால் இடைவெளி இரண்டு மூன்று அணு அளவுக்குக் குறைந்துவிட்டால் படிகத்தை இடைவெளியில்லாத பொருளாக எடுத்துக்கொள்ளும் தொடர் ஊடகக் கணக்கே செல்லாது. அங்கே 1/தூரம்² விதியை மூடி வைத்துவிட்டு அணு அணுவாகக் கணினியில் கணக்கிடுவதுதான் வழி.